டப்ளினில் ஒரு வந்தவாசி

போன வருஷம் அக்டோபரில் நானும் அம்மாவும் டப்ளினில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். தங்கை அங்கே நர்ஸ். அவளுக்குப் பகல் ஷிஃப்ட் இருக்கும் நாட்களில் நாங்கள் இருவரும் டிராம் ஏறி ஊர் சுற்றுவோம், அதாவது நான் சுற்றுவேன், அம்மா "இன்னும் எவ்ளோ தூரம்டா" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வருவாள். அந்த ஊர் மழை நம் ஊர் மழை மாதிரி நாலு சாத்து சாத்திவிட்டு ஓய்ந்துபோகிற மழை இல்லை. நசநசவென்று, குடையும் பிடிக்க முடியாமல் நனையவும் முடியாமல், நாள் முழுக்க ஒரு தூறல். அப்படி ஒரு தூறலில்தான் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்கா வாசலில் இருக்கும் கல்வளைவுக்குக் கீழே ஒதுங்கினோம். கிராஃப்டன் தெரு முடிகிற இடத்தில் நிற்கும் பெரிய வளைவு. அம்மா அண்ணாந்து பார்த்து, "என்னடா இது, மொட்டைக் கோபுரம் மாதிரி" என்றாள். வளைவின் உள்பக்கம் வரிசை வரிசையாகப் பெயர்கள் வெட்டியிருந்தார்கள், இருநூறுக்கும் மேல் இருக்கும். "இவ்ளோ பேரா உபயம் பண்ணிருக்காங்க?" என்று அடுத்த கேள்வி. டியூப் லைட்டில்கூட உபயதாரர் பெயர் எழுதுகிற ஊரிலிருந்து வந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும். இல்லம்மா, செத்தவங்க, சண்டையில செத்தவங்க என்றேன்.

தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ்காரர்கள் அங்கே குடியேறிய டச்சு வம்சத்தாரோடு போட்ட போயர் போரில் செத்தவர்கள். ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்ற பட்டாளத்துக்காரர்கள். 1907இல் கட்டியிருக்கிறார்கள். மழை விடுகிற மாதிரி தெரியவில்லை, கையில் போன் இருந்தது, அந்தப் பட்டாளத்தைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பிரிட்டிஷ் பட்டாளங்கள் தாங்கள் ஜெயித்த சண்டைகளின் பெயர்களைக் கொடியில் தைத்து வைத்துக்கொள்வது வழக்கம். இந்தப் பட்டாளத்தின் கொடிப் பட்டியலைத் திறந்தால், ஆரம்பத்தில் நான் எதிர்பார்த்த ஐரோப்பிய ஊர் ஒன்றைக்கூடக் காணோம். ஆற்காடு. பிளாசி. கொண்டூர். நாலாவதாக 'விண்டிவாஷ்'. அப்புறம் பக்சர், சோளிங்கர், நந்தி துர்க்கம், பாண்டிச்சேரி. நான் அந்த நாலாவது பெயரிலேயே நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் 'வாண்டிவாஷ் போர், 1760' என்று மனப்பாடம் செய்தவர்களுக்குத் தெரியும் அது எந்த ஊர் என்று. அம்மா பிறந்தது வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் விரிக்கிற கோரைப்பாய் வந்தவாசிப் பாய்தான், வேறு பாயில் அம்மா படுக்க மாட்டாள்.

"அம்மா, நம்ம வந்தவாசி பேரு இவங்க கொடியில இருக்கும்மா."

"எந்த வந்தவாசி?"

"நம்ம வந்தவாசிதான்."

அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "எங்க, காட்டு, போட்டோ எடு" என்று வளைவு முழுக்கத் தேடினாள். அங்கே கல்லில் இருப்பதெல்லாம் லேடிஸ்மித், கொலென்சோ என்று ஆப்பிரிக்க ஊர்கள் மட்டும். வந்தவாசி கொடியில் இருந்தது, கொடி விண்ட்சர் கோட்டையில் இருந்தது. இருந்தாலும் எனக்கு ஒரே குஷி. எட்டாயிரம் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து மழைக்கு ஒதுங்கிய இடத்தில் நம் ஊர் பேர் அகப்பட்டால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது. அந்தச் சந்தோஷம்தான் பிறகு என்னை விடாமல் அரித்தது. அதை எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் இது.

பிஸ்கட் டப்பா

அந்த வார இறுதியில் தங்கையோடு வேலை செய்கிற ஒருவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அயர்லாந்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், அம்மா போட்ட மெதுவடையை முள்கரண்டியால் குத்திச் சாப்பிட்டார், ஓட்டையின் மேல் ஒரு மரியாதையோடு. பேச்சுவாக்கில் நான் வளைவு பற்றியும் வந்தவாசி பற்றியும் சொன்னேன். மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் பாட்டியின் அப்பா அதே பட்டாளத்தில் இருந்தவராம், அதிலும் முதல் பட்டாலியன், 1914இல் மதராஸில் இருந்தாராம். மறுநாளே ஒரு தகர பிஸ்கட் டப்பாவோடு வந்தார். நம் வீடுகளில் நூல்கண்டும் பட்டனும் போட்டு வைத்திருப்போமே, அந்த மாதிரி டப்பா. உள்ளே ஒரு மெடல், மடித்த காகிதங்கள், ஒரு தொப்பி வில்லை. வெடிகுண்டிலிருந்து தீ எழும்புவது போன்ற உருவம், அதில் ஒரு புலி, ஒரு யானை. என் உள்ளங்கையில் வைத்தார். தேய்ந்து போய் யானையின் தும்பிக்கை மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது. அம்மா எட்டிப் பார்த்து "ஆனை!" என்றாள். டப்ளின்காரன் தொப்பியில் யானைக்கும் புலிக்கும் என்ன வேலை என்று அவர் வீட்டில் யாருக்கும் தெரியாதாம். டப்பாவையே பாட்டி காலம் முழுக்கப் பரணில்தான் வைத்திருந்தார்களாம். சுதந்திர அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணுவ மெடலை அலமாரியில் வைக்க முடியுமா. "நீங்கள் தேடிப் பார்த்து ஏதாவது கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சென்னை திரும்பியதும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தேடினேன். கதை அயர்லாந்தில் ஆரம்பிக்கவே இல்லை. இந்தப் பட்டாளம் பிறந்தது நம் கடலூரில். ஜார்ஜ் கோட்டைக்குக் காவலாகக் கிழக்கிந்தியக் கும்பினி 1645 வாக்கில் வைத்துக்கொண்ட சில்லறை வெள்ளைக்கார சோல்ஜர் கூட்டம்தான் இதன் விதை. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்ததும் தப்பியவர்கள் எல்லாம் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு ஓடினார்கள், அப்போது வெறும் குமாஸ்தாவாக இருந்த கிளைவ் உட்பட. 1748இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற மேஜர் அங்கே வந்து இறங்கி, அந்த உதிரிக் கூட்டத்தைச் சேர்த்துக் கட்டி, கவாத்து பழக்கி ஒரு பட்டாளமாக்கினார். மதராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட். கெடிலம் கடலில் சேரும் இடத்தில் இன்றைக்கு அந்தக் கோட்டையின் மிச்சமாகச் சில சுவர்கள் நிற்கின்றன. சில்வர் பீச்சில் சுண்டல் தின்றுவிட்டு எத்தனை தடவை அந்தப் பக்கம் நடந்திருக்கிறேன், ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

வந்தவாசிச் சண்டையைப் படிக்கும்போது மட்டும் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 1760 ஜனவரி 22. கோட்டைக்குள் கும்பினிப் படை, வெளியே முற்றுகை போட்டிருக்கும் பிரெஞ்சுத் தளபதி லாலி, முற்றுகையை உடைக்க வரும் அயர் கூட். சண்டை நடுவில் பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்து வண்டி ஒன்றின் மேல் குண்டு விழுந்து வெடிக்கிறது, அந்தப் பக்கம் சிதறுகிறது, அவ்வளவுதான், இன்னொரு பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்படுகிறார், அடுத்த வருஷம் பாண்டிச்சேரியே போய்விடுகிறது. இதெல்லாம் பாடத்தில் இருந்ததுதான். பாடத்தில் இல்லாத ஒன்று உண்டு. கூட் அயர்லாந்தின் லிமரிக் பக்கத்துக்காரர். லாலி, பேர் பிரெஞ்சுப் பேர் மாதிரி இருக்கிறதே தவிர, அயர்லாந்திலிருந்து பிரான்சுக்கு ஓடிப்போன ஒரு கத்தோலிக்கரின் மகன். அவர் பெயரிலேயே இருந்த ரெஜிமென்டும் பிரெஞ்சு ராஜாவுக்காகச் சண்டை போடும் அயர்லாந்துப் பட்டாளம்தான். கும்பினி வரிசைகளிலும் அயர்லாந்துப் பையன்கள் இருந்தார்கள். ஆக வந்தவாசி வயல்வெளியில் இரண்டு அயர்லாந்துத் தளபதிகள், இரண்டு ராஜ்யங்களுக்காக, ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். தோற்ற லாலியைப் பிரெஞ்சுக்காரர்கள் பாரீசில் வைத்துத் தலையை வெட்டினார்கள், 1766இல். அம்மா கேட்டாள்: "நம்ம வயல்ல வந்து இவங்களுக்கு என்னடா சண்டை?" இருநூற்று அறுபது வருஷமாக வரலாற்று ஆசிரியர்கள் எழுதிக் குவித்ததையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு நானும் அதையேதான் கேட்பேன்.

எழுதியது யார்

இங்கேதான் சிக்கிக்கொண்டேன். நான் படித்துக்கொண்டிருந்த விவரங்களில் பெரும்பகுதி ஒரே பழைய நூலிலிருந்து வருகிறது என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. 1843இல் லண்டனில் அச்சான அந்தப் பட்டாளத்தின் வரலாறு. 1645இல் ஆரம்பித்து 1842 வரை வருகிறது. எழுதியவர் பெயர் இல்லை, 'ஒரு ஸ்டாஃப் அதிகாரி' என்று மட்டும். உழைத்து எழுதிய நூல், சந்தேகமில்லை. எந்தச் சண்டையில் எந்தக் கம்பெனி எங்கே நின்றது, யார் செத்தார், பட்டாளத்துக்கு எப்போது சம்பளம் பாக்கி விழுந்தது என்றெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதிய ஆள். தன் பட்டாளத்தின் மேல் அவ்வளவு பாசம். எனக்கே அந்த முகம் தெரியாத ஸ்டாஃப் அதிகாரியைப் பிடித்துப் போயிருந்தது. நம் ஊரைப் பற்றி இத்தனை சிரத்தையாக ஒருவர் எழுதி வைத்திருக்கிறாரே என்று. யாரென்று பார்ப்போம் என்று தேடினேன். ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல்.

நீல். கர்னல் நீல். மவுண்ட் ரோட்டில் சிலையாக நின்ற அதே நீல்.

லேப்டாப்பை மூடிவிட்டேன். அம்மா "ஏண்டா நிறுத்திட்ட, அப்புறம் என்னாச்சு" என்றாள். நாளைக்குப் படிக்கலாம்மா என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். இந்த நாட்டில் 1857 பற்றி ஓரளவு படித்த எவருக்கும் அந்தப் பேர் தெரியும். அந்த ஆள் சொன்ன கதையைத்தான் இரண்டு வாரமாக ரசித்து, அம்மாவுக்கும் படித்துக்காட்டி, டப்ளின்காரருக்கு அனுப்பக் குறிப்பும் எடுத்திருக்கிறேன்.

ஸ்காட்லாந்தின் ஏர் பக்கத்துக்காரர், 1810இல் பிறந்தவர், பதினேழு வயதில் மதராஸ் ராணுவத்தில் சேர்ந்தவர். 1857 மே மாதம் மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்த செய்தி வந்ததும் பட்டாளத்தோடு மதராஸிலிருந்து கப்பலேறிக் கல்கத்தா போனார். அதற்குள் பட்டாளத்தின் பெயர் மதராஸ் ஃப்யூசிலியர்ஸ் ஆகியிருந்தது. தொப்பிகளுக்கு நீல உறை போட்டிருந்ததால் 'நீலின் நீலத்தொப்பிகள்' என்று ஒரு பட்டப்பெயர். தமிழில் சொல்லும்போது விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஹவுரா ஸ்டேஷனில் நடந்த ஒன்றை ஆங்கிலேயர்கள் நெடுங்காலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆட்கள் வந்து சேரக் கொஞ்சம் தாமதம், ரயில் நிற்காது என்கிறார் ஸ்டேஷன் மாஸ்டர். நீல் ஸ்டேஷன் மாஸ்டரையும் என்ஜின் டிரைவரையும் கரி தள்ளுகிறவரையும் பிடித்துக் காவலில் வைத்துவிட்டு, கடைசி ஆள் ஏறிய பிறகுதான் வண்டியை விடுகிறார். கேட்கும்போது எனக்கும் சிரிப்பு வந்தது, ரயில்வேயோடு மல்லுக்கட்டியவர்களுக்கு வரும். அந்தச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்த ரயில் எங்கே போனது என்று பார்க்க வேண்டும்.

காசி, ஜூன் 4. அலகாபாத், ஜூன் 11. காசியில் சிப்பாய்களை நிராயுதபாணியாக்கப் போய் அது துப்பாக்கிச் சூடாக முடிந்தது, பிறகு தூக்கு மரங்கள் முளைத்தன. அலகாபாத்தில் தூக்கு மரம்கூடத் தேவைப்படவில்லை, சாலையோர மரங்களே போதுமானதாக இருந்தன. சிப்பாய்களை மட்டும் அல்ல, சிக்கியவர்களை எல்லாம். கான்பூருக்கு முன்கூட்டியே அனுப்பிய ரெனோ என்ற மேஜரிடம் எந்தெந்தக் கிராமங்களை அழிக்க வேண்டும், எங்கெங்கே ஆண்கள் அனைவரையும் கொல்ல வேண்டும் என்று எழுத்தில் கட்டளை கொடுத்தனுப்பினார். அந்தப் பாதை நெடுகப் பிணங்கள் தொங்கின என்று பின்னால் வந்த ஆங்கிலேயர்களே எழுதியிருக்கிறார்கள்.

தேதி வரிசையைப் பார்க்க வேண்டும். கான்பூர் பீபீகரில் சிறை வைக்கப்பட்டிருந்த வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 200 பேர் கொல்லப்பட்டது ஜூலை 15. அது எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாத கொடூரம், அதைப் பூசி மெழுக எனக்கு ஆசை இல்லை. ஆனால் நீல் செய்ததெல்லாம் பீபீகரைப் பார்த்த ஆத்திரத்தில் செய்தது என்றுதான் ரொம்ப காலம் கதை சொன்னார்கள், நானும் கல்லூரி நாட்களில் அப்படித்தான் நம்பியிருந்தேன். காசியும் அலகாபாத்தும் ஜூன். பீபீகர் ஜூலை. காலண்டர் இடிக்கிறது. பீபீகருக்குப் பிறகு அவர் செய்தது இன்னொரு ரகம். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் அந்த வீட்டுத் தரையில் உறைந்த ரத்தத்தில் ஒரு பகுதியைத் துடைத்துச் சுத்தம் செய்த பிறகே தூக்கிலிட வேண்டும், மறுத்தால் சவுக்கடி, அவரவர் சாதிக்கும் மதத்துக்கும் எது அதிகம் அருவருப்போ அந்த விதத்தில் செய்யவைக்க வேண்டும் என்று உத்தரவு. நீதிமன்றத்தில் வேலை பார்த்த முஸ்லிம் ஒருவரை நாக்கால் நக்க வைத்தார்கள். இதை எல்லாம் எதிரிகள் எழுதவில்லை, நீலே கடிதத்தில் திருப்தியோடு எழுதியிருக்கிறார். சிரத்தையாக எழுதுகிற ஆள் என்று சொன்னேன் அல்லவா.

செப்டம்பர் 25ஆம் தேதி லக்னோவில் ஒரு வாசல் வளைவைத் தாண்டும்போது தலையில் குண்டு பட்டுச் செத்தார். அதே நாட்களில் அவருடைய பட்டாளத்தில் விக்டோரியா சிலுவை என்ற வீரப் பதக்கம் வாங்கியவர்களின் பெயர்களைப் பாருங்கள்: பேட்ரிக் மஹோனி, ஜான் ரயன், தாமஸ் டஃபி. மூவரும் அயர்லாந்துக்காரர்கள். உருளைக்கிழங்குப் பஞ்சம் முடிந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. சொந்த நாட்டில் சோறு கிடைக்காமல் கும்பினியில் சேர்ந்த பையன்கள், இங்கே வந்து யார் யாரையோ மரத்தில் ஏற்றினார்கள். இதில் யாரைப் பார்த்து என்ன உணர்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மவுண்ட் ரோடு

நீலுக்குச் சென்னையில் சிலை வைத்தார்கள். 1861, ஸ்பென்சருக்கு எதிரே. வங்காளத்தில் பொங்கிய கலக வெள்ளத்தை முதலில் தடுத்து நிறுத்தியவர் என்ற பொருளில் பீடத்தில் எழுத்து. அறுபத்தாறு வருஷம் அது அங்கே நின்றது, டிராம்களும் குதிரை வண்டிகளும் அதைச் சுற்றிப் போயின. 1927 ஆகஸ்டில் மதுரைக்காரர்களான முகமது சாலியாவும் சுப்பராயலு நாயுடுவும் கோடாலியும் உளியும் எடுத்துக்கொண்டு வந்து சிலை மேல் ஏறினார்கள். அதிலிருந்து கிளம்பியதுதான் நீல் சிலை சத்தியாகிரகம். திருநெல்வேலி சோமயாஜுலு தலைமை, அவர் சிறைக்குப் போனதும் இளைஞராக இருந்த காமராஜர் பொறுப்பை எடுத்துக்கொள்ள முன்வந்தார், காந்தி வன்முறை கூடாது என்ற நிபந்தனையோடு ஆதரித்தார். சிலையை உளியால் கொத்துவது அகிம்சையா என்று அன்றைக்கே வாதம் நடந்தது. என்னைக் கேட்டால், அலகாபாத் மரங்களை நினைத்தால், உளி ரொம்ப சாது.

இதில் என்னை உட்காரவைத்தது ஒரே ஒரு பெயர். அஞ்சலை அம்மாள். சின்னப் பெண்ணான மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்து சிலையை அடித்தார், ஜெயிலுக்குப் போனார். அந்த மகளைத்தான் பிறகு காந்தி லீலாவதி என்று பெயர் மாற்றி வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார். அஞ்சலை அம்மாள் கடலூர் முதுநகர்க்காரர். லாரன்ஸ் அந்தப் பட்டாளத்தைக் கட்டிய தேவனாம்பட்டினம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். 1748இல் கடலூரில் பிறந்த பட்டாளம், 179 வருஷம் கழித்து அதன் தளபதி சிலையை அடிக்கக் கடலூரிலிருந்தே ஒரு தாயும் மகளும். அவருக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருக்குமா என்றால், தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

1937இல் ராஜாஜி மந்திரிசபை வந்ததும் சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து எடுத்தார்கள். இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டாவது படிக்கும்போது சுற்றுலா கூட்டிப்போனார்கள், கட்டாயம் அதைக் கடந்து போயிருப்பேன். திமிங்கில எலும்புக்கூடு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

கொடி

பட்டாளத்தின் மிச்சக் கதை வேகமாக ஓடுகிறது. கும்பினி ஆட்சி முடிந்ததும் அரசியின் படையில் 102ஆம் ரெஜிமென்ட் ஆனது. 1881இல் பம்பாய்ப் பட்டாளம் ஒன்றோடு சேர்த்து ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்று பெயர் வைத்து, டப்ளின் பக்கத்தில் நேஸ் என்ற ஊரைத் தலைமையிடமாக்கினார்கள். கொடியில் வந்தவாசி அப்படியே இருந்தது. 1914 ஆகஸ்டில் போர் வெடித்தபோது அதன் முதல் பட்டாலியன் எங்கே இருந்தது என்றால், சொந்த வீட்டில், மதராஸில். செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது, ஊரே மூட்டை கட்டியது. டிசம்பரில் பட்டாலியன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. 1915 ஏப்ரல் 25 காலையில் துருக்கியின் செத்துல் பாஹிர் கடற்கரையில் அவர்களைத் திறந்த படகுகளில் இழுத்துக்கொண்டு போய் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் இறக்கினார்கள். பாதிப் பேர் படகிலேயே. மிஞ்சியவர்கள் தனிப் பட்டாலியனாக நிற்கப் போதாமல் மன்ஸ்டர் ஃப்யூசிலியர்ஸ் மிச்சத்தோடு ஒட்டுப்போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டினார்கள், 'டப்ஸ்டர்ஸ்' என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். மன்ஸ்டரும் ஆதியில் கும்பினியின் வங்காளப் பட்டாளம்தான்.

அடுத்த வருஷ ஈஸ்டரில் டப்ளினிலேயே புரட்சி. அதை அடக்க இறக்கிய படைகளில் டப்ளின் ஃப்யூசிலியர்களும் உண்டு, சொந்தத் தெருவில் சொந்த ஊர்க்காரனைச் சுட. நானும் அம்மாவும் மழைக்கு ஒதுங்கிய வளைவில் அந்தச் சண்டையின் குண்டுத் தடங்கள் இன்னும் இருக்கின்றன. தேசியவாதிகள் அதை 'துரோகிகள் வாசல்' என்றுதான் கட்டிய நாளிலிருந்து சொன்னார்கள். ஆனால் இடிக்கவில்லை. 1922 ஜூனில் ஆறாம் ஜார்ஜின் அப்பா, ஐந்தாம் ஜார்ஜ், விண்ட்சரில் கொடிகளை வாங்கிக்கொண்டார், ஜூலை 31 அன்று பட்டாளம் கலைந்தது. அயர்லாந்துக்கு அது வேண்டாத பிள்ளை. நமக்கு அப்படி ஒரு பிள்ளை பிறந்ததே தெரியாது.

எனக்கு இருந்த பிரச்சினை சின்னது. டப்ளின்காரருக்கு என்ன எழுதுவது? அவர் பாட்டியின் அப்பா காசிக்கும் போகவில்லை கான்பூருக்கும் போகவில்லை, மதராஸில் கொசுக்கடி பட்டு, துருக்கியில் குண்டு பட்டு, நொண்டிக்கொண்டு வீடு திரும்பி, வாயே திறக்காமல் செத்தவர். ஆனால் முதல் பட்டாலியன்காரர்கள் கடைசிவரை தங்களை 'நீலின் நீலத்தொப்பிகள்' என்றுதான் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். யானைக்கும் புலிக்கும் மட்டும் விளக்கம் எழுதி அனுப்பிவிடலாம் என்று ஒரு தடவை முழுக் கடிதமும் தயார் செய்தேன். வந்தவாசி, கூட், லாலி, இரண்டு பக்கமும் அயர்லாந்துக்காரர்கள், எல்லாம் சுவாரசியமாக இருந்தது. நீல் இல்லை. படித்துப் பார்த்தால், அந்தப் பட்டாளத்தைப் பற்றி நீல் எழுதின மாதிரியே இருந்தது. அழித்துவிட்டு எல்லாவற்றையும் எழுதினேன். மரங்கள், தரை, அஞ்சலை அம்மாள், எழும்பூர் எல்லாம். அனுப்பிய பிறகு தங்கைக்கு போன் போட்டு, "உன் கூட வேலை செய்யறவர் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டா என்னைத் திட்டாத" என்று சொல்லி வைத்தேன்.

பதினாறு நாள் பதில் இல்லை. பதினேழாம் நாள் ஒரு வாய்ஸ் மெசேஜ். படித்தாராம், இரண்டு தடவை. நீல் என்ற பேரைக் கேள்விப்பட்டதே இல்லையாம். தன் அம்மாவுக்கும் படித்துக் காட்டினாராம், அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் டப்பாவை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தாராம், இப்போது அது பரணில் இல்லையாம், என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம். கடைசியில் ஒரு கேள்வி. அந்த ஊரின் பேரைச் சரியாக எப்படிச் சொல்ல வேண்டும்?

அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வந்த. வாசி. அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் அவர் சொல்லிப் பார்த்ததைப் பதிவு செய்து அனுப்பினார்: "வாண்டவாஸி." அம்மா காதில் வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"வரலயே. இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."